இன்னும் நனையவில்லை

— நனைஞ்சிருக்கா சிஸ்டர்?

— இல்லம்மா. காலையில பெத்ததுலருந்து இதே கேள்வி. துணி காஞ்சுதான் கிடக்கு.

— இன்னொரு தடவை தொட்டுப் பாருங்களேன்.

— இப்பதானே பாத்தேன்! முதல் ஒண்ணுக்குக்கு ஒரு நாள் முழுக்க எடுத்துக்கிற ராசாவும் உண்டு. பிடிச்சுப் பிழியவா முடியும்?

— மூத்தவ வெளியே வந்ததுமே டாக்டர் கையிலயே ஒண்ணுக்குப் போயிட்டா.

— அவ அவசரக்காரி. இவன் நிதானம். ஆனா அழுகையைக் கேட்டியா? அடுத்த வார்டுலருந்து எட்டிப் பாத்தாங்க. எடையும் கிட்டத்தட்ட மூணு கிலோ. வளர மாட்டானோன்னு மாசாமாசம் ஸ்கேன் எடுத்தாங்களே, அந்தப் புள்ளையா இவன்?

— நெசமாவே நல்லா இருக்கானா?

— நல்லா இருக்கான். சொல்லிட்டேன்.

— தொப்புள்கொடியைப் பாத்தீங்களா?

— பாக்காம இருப்பேனா? வெட்டின முனையை ஒத்தி எடுத்துட்டுப் பாத்தா, எல்லாக் கொடியிலயும் குட்டியா ஒரு மூஞ்சி தெரியும். ரெண்டு கண்ணு, ஒரு வாய். மூணும் ரத்தக்குழாய்தான்.

— இவனுக்கு?

— வாய் இருக்கு. கண்ணு ஒண்ணுதான். ஸ்கேன்ல சொன்னது சரி.

— ஒத்தை நூல்.

— என்னது?

— நான் தையல்காரி சிஸ்டர். ஒத்தை நூல்ல பொத்தான் தைச்சா ரெண்டு சலவையில கையோட வந்துடும். நாலு மாசமா எனக்கு அதே நினைப்பு.

— அட போம்மா! அந்த ஒத்தைக் கண்ணு என்ன பெருசுங்கறே! ரெண்டு பாக்குற வேலையை ஒண்ணே பாத்திருக்கு. இப்ப அதுக்கும் வேலை முடிஞ்சுது, வெட்டிக் கட்டியாச்சு. கொடிக் கவலை தீந்துது.

— கிட்னிக் கவலை தீரலையே.

— அது என்ன கவலை?

— கொடியில ஒரு குழாய் குறைஞ்சா, சில குழந்தைக்கு இதயத்துலயோ கிட்னியிலயோ குறை இருக்கலாம்னாங்க. இதயம் நல்லாத் தெரிஞ்சுது. கிட்னியில ஒண்ணைக் காட்டுனான். இன்னொண்ணைக் கேட்டா ஒருக்களிச்சுப் படுத்துக்கறான். ஒவ்வொரு தடவையும் அதே ஆட்டம்.

— சரி, பனிக்குடத்துல தண்ணி நிறைய இருந்துச்சா?

— இருந்துச்சு.

— அதுல முக்கால்வாசி இவன் போனதுதான். உள்ளேயே போயிட்டுத்தான் இருந்திருக்கான்.

— ஐயே! அதுலயா நீந்திட்டு இருந்தான்?

— நீயும் நானும் அதுலதான் நீந்தினோம். பெரிய டாக்டர், ஜட்ஜ், எல்லாரும்தான்! அப்பாடா, சிரிச்சிட்டியா. வெளியே வந்தும் ஒரு தடவை போயிட்டான்னா பாதி நிம்மதி. மீதிக்கு நாளைக்கு ஸ்கேன் எடுத்துக்கலாம். உன் வீட்டுக்காரர்கிட்ட எல்லாம் சொல்லியிருக்கே இல்ல?

— ஐயோ, அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க!

— அடிப்பாவி! நாலு மாசமா சொல்லலையா?

— மூத்தவளுக்கு மஞ்சக்காமாலைன்னு சொன்னதுக்கே மயங்கி விழுந்தாரு. குழந்தையை விட்டுட்டு டாக்டர் அவருக்குத் தண்ணி தெளிச்சாங்க. இந்தத் தடவை ஸ்கேன் நடுவுல அவருக்குப் போன் வந்து வெளியே போனாரு. அந்த நேரம் பாத்துதான் டாக்டரம்மா என்கிட்ட சொன்னாங்க. தப்பிச்சேன்.

— ஒண்ணுமே தெரியாதா அவருக்கு?

— ஒண்ணும் தெரியாது. ராத்திரி என் வயித்துல காதை வெச்சுப் படுத்துக்குவாரு. சுவத்துக்குள்ள கசியற குழாயை அப்படித்தான் கண்டுபிடிப்பாராம். விளையாட்டுப் புத்தி. ஷ்ஷ், அவர் செருப்புச் சத்தம்.

— வந்துட்டேன், வந்துட்டேன்! எங்கே நம்ம சின்ன மேஸ்திரி?

— அண்ணே, நில்லுங்க அங்கேயே! முதல்ல கையைக் கழுவுங்க. ஸ்பேனரோடயா புள்ளையைப் பாக்க வருவீங்க?

— கையில இருந்ததே தெரியல சிஸ்டர். போன் வந்ததும் பாதிக் குழாயைக் கழட்டினபடியே விட்டுட்டு ஓடி வந்துட்டேன். அந்த வீட்டம்மா வாளியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க.

— என்னங்க நீங்க! பாவம் அவங்க.

— நிக்கட்டும்! எனக்குப் புள்ளை பிறந்திருக்கு! அடேங்கப்பா, மூக்கைப் பாரேன். அப்படியே என் மாமியார்.

— வந்ததும் எங்கம்மாவை இழுத்தாச்சா?

— மூக்குதான் அவங்களோடது. குரல் என்னோடதா இருக்கும். பால் குடிச்சானா?

— ரெண்டு தடவை.

— எவ்வளவு?

— அளந்தா பாப்பாங்க?

— இல்ல... உள்ளே போனா வெளியே வரணுமேன்னு கேட்டேன்.

— என்ன கேள்வி இது? அதெல்லாம் வரும்.

— எப்ப வரும்?

— நேரம் சொல்றதுக்கு அது என்ன பஸ்ஸா அண்ணே? ரெண்டு பேரும் சொல்லி வெச்ச மாதிரி கேக்கறீங்க!

— ரெண்டு பேருமா? இவளும் கேட்டாளா?

— அது... தாய்க்காரி கேப்பா இல்ல? உக்காருங்க, மடியில தர்றேன். தலைக்குக் கை கொடுங்க. அப்படித்தான்.

— பஞ்சு மாதிரி இருக்கான். சிஸ்டர், துணியை ஏன் அவுக்கறீங்க?

— சும்மா, மாத்தி விடலாம்னுதான்.

— காஞ்சுதானே இருக்கு?

— அதெல்லாம் உங்களுக்கெதுக்கு? காலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க.

— டேய்! டேய்! டேய்!

— என்னங்க? என்ன ஆச்சு?

— சட்டை... கண்ணு... வாயில... அடேங்கப்பா!

— போறானா? நெசமாவா? சிஸ்டர்!

— போறான்மா! போறான்! வளைவைப் பாரு, வானவில் கெட்டுது!

— அசையாதீங்க! அப்படியே இருங்க!

— எங்கே அசையறது, எனக்குக் கண்ணே தெரியல!

— நான் பாக்கணும் சிஸ்டர்!

— எழுந்திரிக்காதே, தையல் விட்டுடும்! இரு, முடியட்டும், அவரையே உன் பக்கத்துல வரச் சொல்றேன். இன்னும் முடியல பாரேன்! இத்தனை நேரம் சேத்து வெச்சிருந்தியாடா ராசா?

— நெசமாவே நிக்கல சிஸ்டர்! கிட்ட கொண்டாங்க அவனை. நனைஞ்சா நனையட்டும்!

— இந்தா பாரு, முடிஞ்சுது. இப்ப நிம்மதிதானே?

— என்னங்க, அழறீங்களா?

— சேச்சே. கண்ணுல போயிட்டான், அதான்.

— ரெண்டு கண்ணுலயுமா போனான்?

— நீ மட்டும் என்னவாம், சிரிச்சுக்கிட்டே அழறே. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து குழாய் வேலை பாக்கறேன். ஒரு கசிவுக்குக் கைதட்டணும்னு தோணினது இன்னைக்குத்தான்! ஒத்தைக் குழாயில வளந்த பயல், பிரஷரைப் பாத்தியா!

— என்ன சொன்னீங்க?

— ஒண்ணுமில்ல. வாய் தவறிடுச்சு.

— ஒத்தைக் குழாய்னீங்க. யார் சொன்னது உங்களுக்கு?

— யாரும் சொல்லல. திரையில பாத்தேன். அந்தக் குட்டித் தொட்டி தெரியுமே, மூத்திரப்பை, மூத்தவ ஸ்கேன்ல அதுக்கு ரெண்டு பக்கமும் கலர்ல கொடிக் குழாய் ஓடுச்சு, டாக்டரம்மாவே காட்டினாங்க. இவனுக்கு ஒரு பக்கம்தான் ஓடுச்சு. டாக்டரம்மா முகம் மாறினதையும் பாத்தேன். போன் வந்த மாதிரி வெளியே போய்ச் சுவத்துல சாஞ்சு நின்னேன்.

— மயக்கம் வரலையா?

— வந்துச்சு. நீ எழுந்து வர்றதுக்குள்ள முகத்தைக் கழுவிட்டேன்.

— நாலு மாசமா... ஏங்க என்கிட்ட சொல்லல?

— புள்ளையை வயித்துல வெச்சுக்கிட்டு நீ பயந்துடுவியேன்னுதான். இப்பவும் பதறாதே. அவன் பக்கத்துல அப்படியே படு, என்ன ஏதுன்னு எல்லாத்தையும் நான் மெதுவாச் சொல்றேன்.