ஒரு சுற்று குறைவு

வெயில் ஏறத் தொடங்கிவிட்டால் எனக்குக் கை நமநமவென்று இருக்கும். மருந்துக் கிடங்கில் முப்பது வருடமாக அட்டைப்பெட்டிகளின் மேல் அச்சடித்த தேதியைச் சரிபார்ப்பது என் வேலை. பார்ப்பேன், டிக் போடுவேன், அடுத்த பெட்டிக்குப் போவேன். கைக்கென்று ஒரு வேலையும் கிடையாது. அதனால்தான் வருடம் முழுக்க லீவைத் தொடாமல் சேர்த்து வைத்து, கோடையில் ஆறு வாரம் அந்த மலை முகாமுக்குப் போய்விடுவேன். இது எனக்கு ஏழாவது கோடை.

முகாமை நீங்களே வந்து பார்த்தீர்கள், ஐயா. பத்துப் பன்னிரண்டு மரக்குடில்கள், மின்சாரம் கிடையாது, குளிக்க வாளியில் வெந்நீர். நடுவில் அந்த நீளமான பட்டறை. ஒரு மூலையில் மண் பிசைவார்கள், ஒரு மூலையில் மரம் செதுக்குவார்கள், ஜன்னல் பக்கம் தறிகள். வருகிறவர்கள் எல்லாரும் என்னைப் போலத்தான். பல் டாக்டர் ஒருவர் ஐந்து கோடையாகக் கரண்டி செதுக்குகிறார். அதில் இன்னும் ஒரு வாய் சூப் குடிக்க முடியாது. ஆனாலும் மனிதர் சந்தோஷமாக இருப்பார்.

என்னுடையது கயிறு. நாரைப் பிரித்து, முறுக்கி, பின்னி, முடிச்சுப் போடுவது. கயிற்று வேலையில் ஏமாற்ற முடியாது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். முடிச்சு ஒன்று நிற்கும், அல்லது நிற்காது. முகாமில் நீங்கள் உட்கார்ந்த நாற்காலியின் பின்னல் என்னுடையது. மரத்தடி ஊஞ்சல் என்னுடையது. ஓடைக்கு மேலே தச்சர் போட்ட பலகைப் பாலத்துக்கு இரண்டு பக்கமும் கைப்பிடிக் கயிறு கட்டியதும் நான்தான், மூன்றாவது கோடையில். ஒவ்வொரு வருடமும் போய் இறங்கிய அன்றைக்கே, பெட்டியைக்கூடத் திறக்காமல், அந்த நான்கு முடிச்சுகளையும் தொட்டுப் பார்த்துவிடுவேன். என்னைச் செய்யச் சொன்னவர் யாரும் இல்லை. செய்ததைக் கவனித்தவரும் யாரும் இல்லை.

இந்தக் கோடையில் என் தங்கையும் வந்தாள். நாற்பத்தாறு வயதாகியும் வீட்டில் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். அவள் பெண்ணுக்குப் போன வருடம் கல்யாணம் ஆகிவிட்டது. புருஷன் பாதி நாள் வெளியூரில்.

"வீடு வெறிச்சுன்னு இருக்குக்கா. நானும் உன்கூட வர்றேனே. ஒரு ஓரமா உட்கார்ந்துக்கறேன்" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தாலும் கிடைக்கவில்லை. அது எனக்கான இடம் என்பது ஒரு காரணமா என்ன?

அவள் ஓரமாக உட்காரவில்லை. மூன்றாம் நாளே தறியில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் விடிந்ததும் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போவாள். மரப்பட்டை, பாசி, ஏதேதோ இலை என்று ஒரு மடி அள்ளிக்கொண்டு வருவாள். அதைக் கொதிக்கவைத்து நூலுக்குச் சாயம் ஏற்றுவாள். நெய்ததென்னவோ கோணல்மாணல். ஒரு ஓரம் மேலே இழுத்திருக்கும், ஒரு ஓரம் தொளதொளவென்று கிடக்கும். நான் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க நூல் முனைகள் எலிவால் மாதிரி தொங்கின.

கைவேலை ஆசிரியை அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார். "இதுல உயிர் இருக்குங்க" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பி, நான் பின்னிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "உங்களோடது எப்பவும்போல சுத்தமா இருக்கு" என்றார்.

சுத்தம். கழுவிக் கவிழ்த்த தட்டைப் பற்றிச் சொல்கிற வார்த்தை அது. ஏழு கோடையாக அந்த அம்மாளிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைதான். நான் கோபப்படவில்லை. கோபம் என்றால் வந்து போய்விடும். இது செருப்புக்குள் இருக்கிற சிறு கல் மாதிரி. உதறினாலும் போகாது, நடந்தால் குத்தும்.

அதற்குப் பிறகு நான்கு வாரம், எல்லாரும் பாப்பாவைச் சுற்றித்தான். பல் டாக்டர் தன் கரண்டியைக் கொண்டுவந்து அவளிடம் அபிப்பிராயம் கேட்டார். அவளும் வஞ்சனையில்லாமல் எல்லாரிடமும், "எங்கக்காதான் என்னைக் கூட்டிட்டு வந்தா. அவ வேலையைப் பாருங்க, நானெல்லாம் சும்மா விளையாடறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவர்கள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்து மரியாதைக்கு ஒரு புன்னகை செய்வார்கள். மறுபடி அவள் பக்கம் திரும்பிவிடுவார்கள். அவள் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

முகாமின் கடைசி நாளில் கண்காட்சி. கீழே இருந்து ஜனங்கள் வருவார்கள். ஆளுக்கு ஒரு படைப்பு. நான் ஐந்து வாரமாகச் சுவரில் மாட்டுவதற்கென்று கயிற்றில் ஒரு தொங்கல் பின்னிக்கொண்டிருந்தேன். ஆள் உயரம், இரண்டாயிரத்து நானூறு முடிச்சு. ஒரு இழை தப்பினாலும் பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். விரல் நுனி தோலுரிந்து, டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் இருந்தது. கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்னால் அதைக் கொண்டுபோய் ஆசிரியையிடம் கொடுத்தேன். மறுநாள் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனால், நடுச்சுவரில் பாப்பா நெய்தது. என்னுடையது வாசல் நிலையில், திரையாக.

"நல்ல அடர்த்தியா இருக்கு பாருங்க, கதவுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்திடுச்சு" என்றார் ஆசிரியை. அவருக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி.

நான் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொருவரும் அதை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள், விலக்கிக்கொண்டு வெளியே போனார்கள். சமையற்காரர் போகிறபோக்கில் அதில் கையைத் துடைத்துக்கொண்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வாசலில் தொங்குகிற திரையில் யாராக இருந்தாலும் கை துடைக்கத்தான் செய்வார்கள்.

பாப்பா தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்து ஏதோ புரிந்திருக்கும்போல. என்னைத் தேற்ற வேண்டும் என்றுதான் சொன்னாள்.

"உன்னோடதுதான்க்கா உருப்படியான வேலை. பாரேன், ஒரு ஈகூட உள்ள வரல."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டேன் என்பது ஞாபகம் இருக்கிறது.

அன்று மாலை, வெளிச்சம் இருக்கும்போதே, பாலத்துக்குப் போனேன். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நான் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பது எல்லாரும் பார்த்துப் பழகிய விஷயம். தச்சர் எதிரே வந்தார். "என்னம்மா, கிளம்பறதுக்கு முன்னாடி செக்கிங்கா?" என்று கேட்டுவிட்டு, சிரித்தபடி போய்விட்டார்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஐயா. பாப்பா அந்தப் பாலத்தின் நடுவில் தினமும் நிற்பாள். ஓடை இறங்கிப் போகிற பக்கத்துக் கயிற்றில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்து, அண்ணாந்து மரங்களைப் பார்ப்பாள். முழு பாரத்தையும் கயிற்றில் போடுவாள். அந்தக் கயிறு அவளைத் தாங்குகிறது என்ற நினைப்பே அவளுக்குக் கிடையாது. அவளுக்கு மட்டுமா, அங்கே யாருக்குமே கிடையாது. நான்கு வருடமாக எத்தனை பேரை அது விழாமல் நிறுத்தியிருக்கும்? யாராவது ஒருவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அது இல்லாமல் போனால், அது அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்தேன். கொஞ்சம் பயந்து, கொஞ்சம் நனைந்து வருவாள். அவ்வளவுதான் நான் நினைத்தது.

அக்கரைக் கம்பத்தில் அந்தக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துத் திரும்பப் போட்டேன். பார்வைக்கு அதே முடிச்சுதான். உள்ளே ஒரு சுற்று குறைவு. கை வைத்தால் தாங்கும். ஆள் சாய்ந்தால் உருவிக்கொள்ளும். பல தடவை இழுத்துப் பார்த்துத்தான் அந்த அளவுக்குக் கொண்டுவந்தேன். காலையில் அந்தப் பக்கம் முதலில் போகிறவள் அவள் ஒருத்திதான். வேறு யாருக்கும் ஏதும் ஆகிவிடக் கூடாது என்பதையும் யோசித்துத்தான் செய்தேன்.

நனைந்து வருவாள் என்று சொன்னேன். நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். கோடையின் கடைசி வாரத்தில் ஓடையில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை என்பது உண்மைதான். கீழே பாறைகள்தான். எவ்வளவு ஆழம் என்றும் எனக்குத் தெரியும். கைப்பிடி கட்டிய வருடம் கயிற்றை இறக்கி நானே அளந்திருக்கிறேன். பதினான்கு முழம்.

காலையில் பட்டறை ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த நாரில் ஒரு பட்டை பின்னிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து பாலம் நன்றாகத் தெரியும். பாப்பா என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு போனாள். பாலத்தின் முனையில் நின்று கையை ஆட்டினாள்.

"அக்கா, இன்னைக்காவது வாயேன்! கடைசி நாள்!"

"நீ போ, இதை முடிச்சிட்டு வர்றேன்" என்றேன்.

அவள் நடுவில் போய் நின்றாள். சாய்ந்தாள். கைகளை விரித்தாள். சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கயிறு மட்டும் வெகுநேரம் ஆடிக்கொண்டிருந்தது.

நான் உடனே எழுந்து ஓடினேன் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. கையிலிருந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நடுவில் விட்டால் இழுப்பு மாறிவிடும்.

அவளை மேலே தூக்கிவந்தது தச்சரும் பல் டாக்டரும். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியெல்லாம் அவள் தலையை என் மடியில்தான் வைத்திருந்தேன். நான்கு நாள் இருந்தாள். இரண்டாம் நாள் உங்கள் ஏட்டு வந்து அவளிடம் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். கயிறு அவிழ்ந்துவிட்டதாமே என்று அவர் கேட்டார். அவளுக்குப் பேச்சு திக்கித் திக்கித்தான் வந்தது.

"எங்கக்கா கட்டினது சார். அது அவிழாது. எனக்குத்தான் கால் வழுக்கியிருக்கும்."

சொல்லிவிட்டு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். என் கைவேலையைப் பற்றி ஒருவர் சரியாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பாப்பாவுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறது. ஆறு வாரமாக என்னிடம் அதைச் சொல்லியிருக்கலாம். ஒருவேளை சொல்லிக்கொண்டே இருந்தாளோ என்னவோ.

நேற்று முகாம் பொறுப்பாளர் உங்கள் விசாரணை அறிக்கையின் பிரதியை எனக்குக் காட்டினார். பாவம், ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார். பாலத்துக்குப் பொறுப்பு அவர்தான் என்று தச்சரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்களாம். வழக்கும் வருமாம். அவருக்காக மனம் கேட்காமல் நான் இங்கே வந்தேன் என்று வைத்துக்கொண்டால் உங்களுக்கு எழுதச் சுலபமாக இருக்கும். நல்ல மனிதர்தான், ஆனால் நான் வந்தது அதற்காக இல்லை.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. 'கைப்பிடிக் கயிற்றின் முடிச்சு முறையாகப் போடப்படாததே விபத்துக்குக் காரணம்.' அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் இல்லை. முறையாகப் போடப்படாத முடிச்சு என்று ஒன்று என் கையிலிருந்து வந்ததே கிடையாது. எனக்கு என்ன தண்டனை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த முடிச்சு நான் போட்டது. நான் நினைத்தபடியேதான் அது வேலை செய்தது.