மீன் யாவாரத்தை விட்டவள்

எழுபதுகளில் ஒரு நாள் காலை, புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடி செல்லும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு மீன்காரப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மீன் கூடையைக் காலடியில் இடுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“ஏளா மதலேன், நான் மீன் யாவாரத்த விட்டுட்டேனாம்.”

“யாரு சொன்னா?”

“நேத்து வந்த ஆபீசர். கடலையே நம்பி இருக்கக் கூடாதுன்னு எங்க தெருவுக்குக் கவுருமெண்டுல தையல் மிசின் குடுத்தாகல்லா, அதுல பொழப்பு நடக்கான்னு பாக்க வந்தாரு. விடியக்காலையே எங்கள மிசினுக்கு முன்னால உக்கார வச்சிட்டாக. அவரு வந்தது மத்தியானம்.”

“என்ன தச்சிய?”

“நூல் குடுத்தாத்தான தைக்க? சும்மா மிதிச்சோம். அதுக்குள்ள நான் ஏலத்துல எடுத்துப் போட்ட மீனெல்லாம் கரையில கெடந்து அழுகிப்போச்சு.”

“அவருகிட்ட சொல்லலியா?”

“சொன்னேனே! ‘மிசின் வந்த பிறகு என்னம்மா மாற்றம்?’னு கேட்டாரு. ‘இன்னைக்கு விக்க ஒரு மீன் இல்ல சார்’ன்னேன். ‘பாத்தீங்களா, மீன் தொழிலையே விட்டுட்டாங்க’ன்னு கூட வந்தவுககிட்ட சந்தோசமாச் சொல்லுதாரு. எல்லாரும் கை தட்டுதாக.”

மதலேன் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“சிரிக்காத. அடுத்த வாரம் பெரிய ஆபீசர் வாராராம். அவரு முன்னால நான்தான் பேசணுமாம்.”

“போவியா?”

“போவேன். மீன் கூடையையும் கொண்டுபோயி மிசினுக்குப் பக்கத்துல எறக்கி வச்சுக்கிடுவேன். அழுகுனா, அவுக மூக்குக்கு முன்னாலயே அழுகட்டும்.”