அடித்தண்ணி

— பொய் சொல்லாதீங்கண்ணே. போன வாரம் குடுத்த இந்தத் தண்ணிய படகுத்துறை ஜெட்டி ஓரத்துலயே மொண்டு மூடிட்டீங்க.

— அட போம்மா பாட்டிலம்மா. ரெண்டு மணி நேரம் படகு ஓட்டி, இடுப்பு கழண்டு கொண்டாந்து குடுத்தா, இதுதான் பேச்சா?

— அதுக்கு முந்தின வாரமும் இதே கததான். அதுக்கு முன்னாடியும். ஏழு வாரத்துக் கணக்கும் நோட்டுல இருக்கு. சாயங்காலம் நான் அறிக்கை அனுப்பணும். அதுல 'படகுக்காரர் ஏமாத்திட்டார்'னு எழுத எனக்குக் கை வரல. அதனாலதான் முகத்துக்கு நேரா கேக்குறேன்.

— தண்ணியப் பாத்தே எந்த எடத்துத் தண்ணின்னு சொல்லிடுவியா நீ? கைரேகை பாக்குறவன்கூட இப்பிடித் துணிய மாட்டான்.

— தண்ணி சொல்லாதுண்ணே. அதுக்குள்ள இருக்குற உசிருங்க சொல்லும். கண்ணுக்கே தெரியாது, ஆனா எண்ணெயத் தின்னு பொழைக்கும். சுத்தமான கடல்ல அதுங்க அங்கொண்ணு இங்கொண்ணுதான் இருக்கும். எண்ணெய ஊத்தினா, அதுங்க பெருகி வந்து தின்னு முடிக்க வாரக்கணக்கா ஆகும். ஒப்பிட்டுப் பாக்க 'சுத்தமான தண்ணி'ன்னு நீங்க குடுத்ததுல டீசல் ஊத்தினேன். அஞ்சே நாள். பந்திக்கு முந்துற கூட்டம் மாதிரி வழிச்சுத் தின்னுடுச்சுங்க. ஜெட்டியிலதான் எல்லாப் படகும் டீசல் சிந்துது. வேற எங்கேர்ந்து வரும் இந்தக் கூட்டம்?

— இந்தத் தகரக் கொட்டகையில ஒத்தையில உக்காந்து பாட்டிலுங்களோட பேசிப் பேசித்தான் உனக்கு இப்பிடி ஆயிடுச்சு. கூட வந்தவங்கல்லாம் எங்க?

— மூணு வாரம் முன்னாடியே மூட்டை கட்டிட்டாங்க. கரையில கப்பல் எண்ணெய்க் கறுப்பு மறைஞ்சதும் அவங்களும் மறைஞ்சிட்டாங்க. பேச்ச மாத்தாதீங்க.

— மாத்தல. கேக்குறேன். ஒரு நாளைக்கு எத்தன பேர்கிட்ட பேசுவே?

— திங்கக்கிழமைன்னா ஒருத்தர்கிட்ட. அவரும் பொய் சொல்றவர்னு ஆயிட்டா, யாருமில்ல.

— …சரி, இதக் கேளு. கப்பல் உடைஞ்சு அந்தத் தார் எண்ணெய் ஜெட்டியிலயும்தானே அப்பிக்கிச்சு?

— ஆமா. இன்னும் தூணெல்லாம் கறுப்பாத்தான் இருக்கு.

— அப்ப ஜெட்டித் தண்ணியில இருக்குற உன் பூச்சிங்க, அந்தக் கப்பல் எண்ணெயயும் தின்னு பழகியிருக்கணும்ல? என் தண்ணியில அத ஊத்திப் பாத்தியா?

— இருங்க, இருங்க. பாதித் தண்ணியில அத ஊத்தித் தனியாத்தான் வெச்சேன். இதோ… இது… அப்பிடியே கெடக்கு. ஒரு சொட்டு கொறையல.

— பாத்தியா! படிச்சவ நீ. கணக்குப் போட்டது நான்.

— நான் டீசலையே பாத்துட்டு இத விட்டுட்டேன். மன்னிச்சுக்குங்கண்ணே. இது ஜெட்டித் தண்ணி இல்ல. ஆனா… அப்ப இன்னும் விநோதமா இருக்கே. இதுங்களுக்குக் கப்பல் எண்ணெய்னா என்னன்னே தெரியல. டீசல் மட்டும்தான் தெரிஞ்சிருக்கு. எங்கதான் மொள்றீங்க?

— நீ சொன்ன மாதிரிதான். எண்ணெய் எட்டாத எடம், கயித்துல எறக்கி அடித்தண்ணி. கடல்லேர்ந்து பாத்தா கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால ஊர்த் தண்ணித் தொட்டி மறையிற நேருக்குப் போவேன், அதான் எனக்கு அடையாளம். கீழ பெரிய பாறை. ஒவ்வொரு தடவையும் அதே எடம்.

— அந்தப் பக்கம் படகுங்க போகுமா?

— எவன் போவான்? வலை போட்டா கந்தலாத்தான் வரும்.

— மேல சிந்தின டீசலா இருந்தா பாதி வெயில்லயே பறந்திருக்கும். அடிவரைக்கும் இவ்வளவு போகாது. அண்ணே, அங்க அடியிலயே எதோ கசியுது. நேத்து இன்னிக்கு இல்ல, பல மாசமா. சொட்டுச் சொட்டா வந்துகிட்டே இருந்தாத்தான் இத்தன கூட்டம் சேரும்… ஏன் கீழ உக்காந்துட்டீங்க?

— சுத்தத் தண்ணி எங்க வேணா எடுக்கலாம்னு நீதானே சொன்னே.

— ஆமா.

— எங்க வேணான்னா எனக்கு அந்த எடந்தான்மா. என் தம்பி ஒருத்தன்தான் அங்க தூண்டில் போடப் போவான்.

— பதினாலு மாசம் முன்னாடி படகோட காணாமப் போனாரே, அவரா?

— கெளம்புறப்ப நான்தான் டேங்க ரொப்பினேன். கூட ரெண்டு கேன் டீசல், நான்தான் தூக்கி வெச்சேன். போதும்ணே, போதும்ணேன்னான்.

— அப்ப அங்க தேடலியா?

— மொதல்ல தேடினதே அங்கதான். நாலு நாள். ஒரு பலகைகூட மெதக்கல.

— அண்ணே… இத நான் எப்பிடிச் சொல்றது…

— நீ சொல்ல வேணாம். அதுங்க சொல்லிடுச்சு.

— இந்தாங்க, தண்ணி குடிங்க. பயப்படாதீங்க, இது குடிக்கிற தண்ணிதான்.

— ம்.

— அந்தப் பாறைகிட்ட முங்கிப் பாக்க ஆள் அனுப்பச் சொல்லி அறிக்கையிலயே எழுதுறேன். கண்ணால பாத்து உறுதியாகட்டும். அவர் வீட்டுல நீங்க போய்ச் சொல்லுங்க.

— அவன் பொண்டாட்டிகிட்டயா? அவன் சட்டைங்கள வாரித் தெருவுல எறிஞ்சவம்மா அவ. அவன் பேச்ச எடுத்தாலே எழுந்து போயிடுவா. புள்ளைக்கும் கட்டளை, அப்பான்னு வாயத் தொறக்கக் கூடாது.

— பின்ன? வந்த மொத வாரமே டீக்கடையில என் காதுல போட்டாங்களே, அடுத்த துறைமுகத்துல எவளோ ஒருத்தியோட குடும்பம் நடத்துறார்னு. எந்தப் பாவி கட்டிவிட்ட புளுகோ! அவன் நாக்குல புத்து வைக்க! ஒரு மனுசன் பாறைகிட்ட தனியாக் கெடந்திருக்கார், இவங்க இங்க கத பேசியிருக்காங்க…

— திட்டாதம்மா.

— ஏன் திட்டக் கூடாது? யார்னு தெரிஞ்சா நேர்லயே போய்க் கேப்பேன்.

— தேடிட்டு நாலாம் நாள் வெறும் படகோட கரைக்கு வந்தேன். அவ புள்ளையத் தூக்கிட்டு ஓடி வந்து, 'எங்க?'ன்னா. 'ஓடிட்டான்'னேன்… ஓடிப்போனவன்னா எங்கயாவது உசிரோட இருப்பான்ல?