சுவருக்குள்ள ஒரு வாசல்

வெளியதான் போயிருக்கா, வந்துருவா. உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. அப்படியே கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கிட்டீங்கன்னா கீழ குடோன் மொத்தமும் தெரியும்.

போன்லயே வேலை வேண்டாம்னு சொன்ன ஆளைத் தேடி, இந்த வெயில்ல, இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. இல்லைங்க, குத்திக் காட்டலை. நெசமாத்தான் சொல்றேன். எங்க பாப்பாவுக்கு வெளில இவ்வளவு மதிப்பான்னு நினைச்சா எனக்குப் பெருமையாத்தான் இருக்கு.

பாப்பான்னா என் தங்கச்சிதாங்க. வீட்ல கூப்பிடுற பேரு. வயசு முப்பத்தஞ்சு தாண்டிருச்சு, எனக்கு இன்னும் பாப்பாதான். கீழ லோடு இறக்குறவங்க இன்ஜினியரம்மாம்பாங்க. நான் ஒரு தடவை விளையாட்டுக்கு அப்படிக் கூப்பிட்டேன். உங்களுக்கு என்னண்ணா வேணும்னு கேட்டா. ஏதாவது வேணும்னாதான் நான் மரியாதையா கூப்பிடுவேனாம்.

நல்லாப் பாருங்க, நீங்க இந்தத் தொழில் தெரிஞ்சவரு. வாசலுக்குப் பக்கத்துல இருக்கே, அது சோப்பு, ஷாம்பு, பிஸ்கட்டு. தினமும் ஓடுற சரக்கு. உள்ள போகப் போக மெதுவா ஓடுறது. மேல் தட்டுல எப்பவாவது கேக்குற சாமான். கனமானதெல்லாம் தரையோட. கண்ணைக் கட்டி விட்டாலும் எங்க ஆளுங்க எடுத்துட்டு வந்துருவாங்க. அத்தனையும் அவ போட்டது.

இதுக்கு முன்னாடி எங்க பொழப்பு இருந்த லட்சணத்தை நீங்க பாத்திருக்கணுமே. அப்பா ஏஜென்சி ஆரம்பிச்சு விட்டுட்டுப் போயிட்டாரு. சரக்கு வைக்க இடம் கிடையாது. இங்க ஒரு ரூமு, அங்க ஒரு ஷெட்டு, மிச்சம் எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில. சாப்பாட்டுத் தட்டுல கை வெச்சா சோப்பு வாசம். கடைக்காரரு ஒரு பெட்டி பிஸ்கட்டு கேட்டா, அது எந்த ரூம்ல இருக்குன்னு தேடி முடிக்கிறதுக்குள்ள அவரு வேற ஏஜென்சில வாங்கிட்டுப் போயிருப்பாரு. லாரி வந்தா தெருவே அடைச்சுக்கும். எதிர்வீட்டுக்காரரு வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்துருவாரு.

அப்பதான் பாப்பா லீவுக்கு வந்தா. அவ அப்ப வெளியூர்ல பெரிய கம்பெனில இருந்தா, ஊர் ஊராப் போயி குடோன் பிளான் பண்ணிக் குடுக்குற வேலை. உங்களுக்குத்தான் தெரியுமே. வந்தவ வாசப்படில உக்காந்து லாரியையும் எதிர்வீட்டுக்காரரையும் வேடிக்கை பாத்தா. அண்ணா, அப்பா வாங்கிப் போட்ட மனை சும்மாதான கிடக்குது, ஒரு சின்ன குடோன் கட்டிக்கலாம், நான் பிளான் போட்டுத் தரேன்னு சொன்னா. எனக்கு அழுகையே வந்துருச்சு.

பிளான்னா ஏதோ கம்ப்யூட்டர்ல கோடு போட்டு நீட்டுவான்னு பாத்தேன். இவ என்னடான்னா ஒரு லோடு லாரியை வரச் சொல்லி, காலி மனைல சுண்ணாம்புப் பொடியால கோடு போட்டு, இதுக்குள்ள திருப்புங்கன்னு டிரைவர்கிட்ட சொல்றா. அவரு திருப்புறாரு, கோட்டை மிதிக்கிறாரு, இவ அழிச்சுட்டு வேற கோடு போடுறா. கடைசில அந்த மனுஷன் இறங்கி வந்து, ஏம்மா, இங்க கட்டடமே இல்லை, எதை இடிச்சுடுவேன்னு இப்படிப் பயப்படுறீங்கன்னாரு. இருக்கப் போறதைத்தான் இடிக்கிறீங்க, இன்னொரு தடவை வாங்கன்னா. கூடி நின்னவங்க எல்லாம் சிரிக்கிறாங்க. இவ மட்டும் சிரிக்கலை. வேலைன்னு வந்துட்டா அவ முகமே வேற.

சண்டையா? போடாம இருப்போமா. எல்லாம் வாசலுக்குத்தான்.

அவ பிளான்ல ரெண்டு வாசல். சரக்கு உள்ள வர ஒண்ணு, வெளிய போக ஒண்ணு. எனக்கு ஒப்பலை. ரெண்டு வாசல் வெச்சா நான் ஒருத்தன் எதைன்னு பாக்குறது? ஒண்ணு போதும்னேன். வர்றதும் போறதும் முட்டிக்கும்ணா, ஏதாவது ஒண்ணுன்னா உள்ள இருக்குறவங்க எப்படி வெளிய வர்றதுன்னா. வர்ற வழியிலதான் வரணும்னேன். அவ பென்சிலை எடுத்து அந்த ரெண்டாவது வாசலை அழிச்சா.

இந்தக் கண்ணாடி ரூமும் அவ பிளான்ல கிடையாது, நான் கேட்டது. மேல உக்காந்தா எல்லாம் கண்ணுல படணும். அவ தனக்குன்னு கீழ ஒரு மேஜை, ஒரு ஜன்னல் போட்டிருந்தா. அந்த ஜன்னல் இருந்த இடத்துலதான் இப்ப எண்ணெய் டின் ரேக்கு நிக்குது. ஆமா, அந்த மேஜைதான், ரேக்குக்கும் தூணுக்கும் நடுவுல. காத்து வராதுதான். ஃபேன் வாங்கிக் குடுத்திருக்கேன்.

கட்டி முடிச்சோம். சரக்கெல்லாம் வந்து சேர்ந்துச்சு. பாப்பா ஊருக்குக் கிளம்ப பையெல்லாம் கட்டியாச்சு. அப்பதாங்க அந்தக் கூத்து நடந்துச்சு.

லோடு ஏத்தின லாரி ஒண்ணு பின்னாலயே வந்து, சரியா ஷட்டர் வாசல்ல ஆக்ஸில் ஒடிஞ்சு உக்காந்துருச்சு. ஒரு பக்கமா சாய்ஞ்சு, நிலையோட ஒட்டிக்கிச்சு. எலி கூட நுழைய முடியாது. உள்ள பாப்பாவும் லோடுக்காரங்களும். நான் வெளிய நிக்குறேன். டிரைவரு பதட்டத்துல, இழுத்துப் பாக்குறேன்னு இன்ஜினை உறும விட்டுக்கிட்டே இருக்காரு. புகையெல்லாம் எங்க போகும்? உள்ளதான். தகரக் கூரை, உச்சி வெயிலு. உள்ள இருமுற சத்தம் கேக்குது. ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாருன்னு கத்துறாங்க. நான் லாரியைப் போயி கையால தள்ளுறேங்க, பைத்தியக்காரன் மாதிரி.

மேல காத்துப் போற ஓட்டை இருக்கு பாருங்க, ரேக்குல ஏறி அது வழியா பாப்பா குரல் குடுத்தா. அண்ணா, முதல்ல இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்க. இதைக் கட்டின மேஸ்திரியைக் கூப்பிடுங்க. பக்கத்துச் சுவர்ல ரெண்டாவது தூணுக்கும் மூணாவது தூணுக்கும் நடுவுல இடிக்கச் சொல்லுங்க, அவருக்குத் தெரியும்னா.

மேஸ்திரி பக்கத்துத் தெருவுலதான் வேலை பாத்துட்டிருந்தாரு, சம்மட்டியோட ஓடி வந்தாரு. சுவத்தை இடிச்சா மேல இருக்குறது தலைல விழுந்துராதான்னு நான் பதறுறேன். விழாதுங்க, உள்ள லிண்டல் போட்டு வெச்சிருக்கோம்னாரு.

புரியுதா உங்களுக்கு? வாசல் வேணாம்னு நான் சொன்னேன்ல. சரின்னு அழிச்சுட்டு, அதே இடத்துல, வாசலுக்கு மேல போடுற மாதிரியே கான்கிரீட்டுச் சட்டம் போட்டு, கீழ வெறும் செங்கல்லை வெச்சு அடைச்சுப் பூசிட்டா. எப்ப வேணாலும் இடிச்சுக்கலாங்கிற மாதிரி. மேஸ்திரிக்குத் தெரியும், சித்தாளுக்குத் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. மனை என்னோடது, செங்கல்லு என்னோடது! கேக்குறதுக்குச் சிரிப்பாத்தான் இருக்கும்.

இடிச்சாரு. மயங்கினவரை முதல்ல தூக்கிட்டு வந்தாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. பொழைச்சுட்டாரு, இப்பவும் இருக்காரு, அதோ தள்ளுவண்டி தள்ளுறாரு பாருங்க. பாப்பா கடைசியா வந்தா. தலை, புருவமெல்லாம் சுண்ணாம்பு. அவ என்னைத் திட்டுவான்னு நிக்குறேன். அவ அந்த ஓட்டையைத் திரும்பிப் பாத்துட்டு, இதுக்கு ஒரு கதவு போட்டுடலாம்ணான்னா. அவ்வளவுதான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

அன்னைக்குப் பிடிச்சதுங்க பயம். லாரிக்கு இல்லை. இவ கிளம்பிப் போயிட்டா நான் என்ன பண்ணுவேன்? சுவருக்குள்ள என்ன இருக்குன்னு கூட எனக்குத் தெரியலையே. கதவு மாட்டுற வரைக்கும் இருந்துட்டுப் போம்மான்னேன். இருந்தா. அப்புறம் தரை வெடிச்சுது, பாத்துட்டுப் போயேன்னேன். அப்புறம் புது ஏஜென்சி கிடைச்சுது, இந்த ரேக்கெல்லாம் மாத்தி அடுக்கணும். அப்புறம் எனக்கு நெஞ்சு வலி. அவ கம்பெனில லீவு குடுத்துக் குடுத்துப் பாத்தாங்க. ஒரு கட்டத்துல இவளே வேலையை விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டா. நான் விடச் சொல்லலைங்க. சத்தியமா ஒரு வார்த்தை சொல்லலை. நெஞ்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்.

கல்யாணமா? அவ கூட வேலை பாத்தவரு ஒருத்தரு இருந்தாரு. நல்ல மனுஷன். நேர்லயே வந்தாரு, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, இங்கதான் உக்காந்தாரு. நான் தடுக்கலையே. நீங்களும் இங்கயே வந்துருங்க மாப்பிள்ளை, ரெண்டு பேருமா பாத்துக்கலாம்னுதான் சொன்னேன். கீழ ஒரு தடவை பாத்தாரு. யோசிச்சு சொல்றேன்னாரு. கொஞ்ச நாள் போன் வந்துச்சு. அப்புறம் அதுவும் வரலை. பாப்பா அந்த வாரம் பூரா மேல் தட்டுச் சரக்கை எல்லாம் தனியா இறக்கித் துடைச்சு ஏத்திட்டு இருந்தா.

அந்தக் கதவா? இருக்கே. ரெண்டாவது தூணுக்கு அந்தாண்ட, பச்சையா. பூட்டித்தான் வெச்சிருக்கேன். சாவி என்கிட்ட இருக்கு. தெரியுதுங்க, அப்படிப் பூட்டக் கூடாதுன்னு தெரியுது. அவளும் இதேதான் சொல்றா. வாரா வாரம் சொல்றா. நீங்க ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துல படிச்சீங்களா?

என் மேல கோவம் வருதா உங்களுக்கு? வரட்டும். ஆனா நான் அவளைக் கட்டிப் போட்டு வெச்சிருக்கேன்னு நினைச்சுடாதீங்க. வாசல் திறந்துதான் கிடக்கு. காலைல எங்க வீட்டுக்காரி கையால டிபன், மத்தியானம் சூடா சாப்பாடு, வருஷத்துக்கு ஒரு தடவை எங்களோட வெளியூரு. உடம்புக்கு முடியலைன்னா எங்க வீட்டுக்காரி பக்கத்துலயே இருப்பா. உங்க ஊர்ல யாரு இருக்கா அவளுக்கு? அங்க போயி ஒரு ரூம்ல தனியா கிடக்கணும். இங்க அவ இல்லைன்னா எனக்கு எந்தப் பெட்டி எங்க இருக்குன்னு தெரியாது. கடைசி வரைக்கும் தெரியவும் போறதில்லை. நானும் இந்தக் கண்ணாடிக்குள்ளதான் உக்காந்திருக்கேன், பாத்துக்கங்க.

உங்க கம்பெனிக்கு அவ இன்டர்வியூவுக்கு வந்துட்டுப் போனதே எங்களுக்குத் தெரியாதுங்க. ரேக்கு பாக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனா. வந்து, ரேக்கு சரியில்லைண்ணான்னா. முகம் மட்டும் அவ்வளவு தெளிவா இருந்துச்சு. பாத்து நாளாச்சு அந்த முகத்தை.

வந்துட்டா பாருங்க. கீழ, தலைல துணி கட்டிட்டு. அவ குரல்தான். லாரிக்காரர்கிட்ட இன்னும் ஒரு முழம் வாங்கங்கிறா.

என்னங்க? குரலா? குரலுக்கு என்ன?

போன்ல வேற மாதிரி இருந்துச்சா. கட்டையா. ம்.

அது இவ இல்லைங்க. இவ செல்லை இந்த மேஜைல சார்ஜ் போட்டுட்டுக் கீழ போயிருந்தா. நீங்க கூப்பிட்டீங்க. எங்க வீட்டுக்காரி எடுத்தா. வேலை கிடைச்சிருச்சுன்னீங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். எனக்கு வர விருப்பமில்லைங்கன்னு சொல்லுன்னேன், சொல்லிட்டா. அப்புறம் செல்லுல உங்க நம்பரை அழிச்சுட்டோம். இவ இன்னும் உங்க போனுக்குத்தான் காத்துட்டிருக்கா. தினமும் மத்தியானம் சாப்பிட வரும்போது கேக்குறா, யாராவது கூப்பிட்டாங்களாண்ணான்னு. இல்லைம்மாங்கிறேன். எனக்குத்தான் தகுதி போதலை போலன்னு நேத்து சொல்றா.

படி ஏறுறா. ரேக்கு விக்க வந்தவருன்னு சொல்லிக்கிறேங்க. நீங்க ஆமான்னு தலையை ஆட்டுனா போதும். ஏங்க எந்திரிக்கிறீங்க? உக்காருங்க. காலைத் தொட்டுக் கேக்குறேன், உக்காருங்க.

வாம்மா. வா, வா. இவரு வந்து... ரேக்கு கம்பெனிக்காரரு.

இல்லைங்கிறீங்களா.

சரிங்க. நீங்களே சொல்லுங்க. நான் கீழ போயி லாரியைப் பாக்குறேன்.