வேலங்குளத்து எட்டணாவும் எங்கள் விடைமடலும்

மனுக்களின் மனமறிந்த மாண்பே! மண்ணில் கால்வைத்தறியாத எங்களுக்கு மண்ணின் மதிப்பைச் சொன்ன செம்மலே! மாட்டுங்கா உழவர் துயர்துடைப்பு நிதியகத்தின் மனுப்பிரிவுத் தலைவராக முப்பத்தோராண்டு முறைபிறழாது உழைத்து, இன்று ஓய்வுபெறும் உயர்திரு அனந்தநாராயணன் அவர்களே! வணங்குகிறோம்.

செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் மாறி, குடையும் கூஜாவுமாக ஒன்பதரைக்கு முன் தாங்கள் வந்தமராத நாளை நாங்கள் கண்டதில்லை. கிங்ஸ் சர்க்கிளில் இடுப்பளவு தண்ணீர் நின்ற அன்றும் வேட்டியைப் பிழிந்துகொண்டே, "நாம நனைஞ்சா காஞ்சுடுவோம். நாத்து முங்கினா அழுகின்னா போயிடும்?" என்றீர்கள். வெள்ளம் வந்த ஊருக்கு விதைநெல்லும், வறட்சி கண்ட ஊருக்கு வைக்கோலும் வண்டியேறும்வரை தாங்கள் வீட்டுக்குக் கிளம்பியதில்லை.

இத்துடன் நிறுத்தி மாலையைப் போட்டுவிட்டால் மரியாதையாக முடிந்துவிடும். மனச்சாட்சி விடவில்லை.

முழு விளைச்சலைப் பதினாறணாவாக வைத்து, நாலணாவுக்குக் கீழே போன ஊருக்கே விதைநெல் என்பது நம் விதி. நாட்டில் அணா ஒழிந்து பத்தாண்டாகியும் நம் அலுவலகத்தில் அது செல்லுபடியாகிறது. 1964 கார்த்திகையில் குளமுடைந்து, நெல்லைச் சீமை வேலங்குளத்து வயல்கள் மணல்மேடாயின. நம் நிதியகத்தின் சார்பில் பார்வையிடப் போனவரோ பஸ்ஸைவிட்டு இறங்காமல், சாலையோரத்து மேட்டுவயலைப் பார்த்து, பாதி விளைச்சல் என்று எட்டணா போட்டு வந்தார். "பஸ்ல உக்காந்துண்டு பார்த்தா எல்லா வயலும் பச்சைதான்" என்று வெகுண்டு, உள்வயல்களை நடந்து பார்க்க மீண்டும் ஆளனுப்பக் கோரி இரண்டு பக்கக் குறிப்பு எழுதினீர்கள். செயலாளருக்கு அனுப்பச் சொல்லி எங்களிடம் தந்தீர்கள்.

ஐயா, அந்தக் குறிப்பு போகவே இல்லை. ஆண்டறிக்கை அச்சுக்குப் போகும் நேரம். ஓர் ஊருக்காக அதிலுள்ள அணாப் பட்டியல் முழுவதையும் திருத்துவதா என்று சோம்பி, பழைய மனுக்கட்டின் அடியில் செருகிவிட்டோம். திங்கட்கிழமைதோறும் "மேலே போச்சா?" என்று கேட்டீர்கள். "போயாச்சு சார், பதில்தான் வரல்லே" என்றோம். மேலிடத்தை நேரில் நெருக்குவது தங்கள் வழக்கமில்லை. எங்களை நம்பிச் செயலாளரை நொந்துகொண்டீர்கள். அவர்மீது பிழையில்லை.

விதைநெல்லின்றி அந்தப் போகம் போயிற்று. பட்ட காலிலே படும் என்பதுபோல் அடுத்த ஆண்டு மழையும் பொய்த்தது. அவ்வூர்ச் சொர்ணம்மாள் ஏர்மாட்டை விற்று ரயிலேறி, இன்று தாராவித் தோல்கிடங்கில் உப்புத் தடவுகிறார். சென்ற மாதம் நம் வாசலில் நின்று, "வெதநெல்லு மட்டும் வந்திருந்தா நான் எதுக்குய்யா இங்க வாரேன்?" என்று அவர் கேட்டபோது தாங்கள் தலைகுனிந்தீர்கள். குனிய வேண்டிய நாங்கள் பக்கத்தில் நிமிர்ந்துதான் நின்றோம். வெட்கமாயிருக்கிறது, ஐயா.

அன்று மாலையே அக்குறிப்பைத் தேடத் தொடங்கி, நேற்று முன்தினம் கண்டெடுத்தோம். கண்ணாடிச் சட்டமிட்டுத் தங்களுக்கே பரிசளிக்கலாம் என்றார் எங்களில் ஒருவர். அது மறுபடியும் புதைப்பதாகும் என்று விட்டுவிட்டோம். இச்சட்டத்திலிருப்பது எங்கள் மடல் மட்டுமே. சுவரில் மாட்டுவதும் மாட்டாததும் தங்கள் சித்தம்.

வேலங்குளத்தில் எஞ்சிய குடும்பங்கள் இன்னும் மணலை வாரிக்கொண்டிருக்கின்றன. வரும் பிசானப் போகத்து விதைப்புக்கு இன்னும் நாளிருக்கிறது. துணைவியார் அபயாம்பாள் அம்மையாரோடு நலம் குன்றாமல், அவ்வூருக்கு விதை போய்ச்சேரும் நாளையும், அதன்பின் பல அறுவடைகளையும் கண்டு தாங்கள் வாழவேண்டும்.

நேற்றுக் காலை, நாங்கள் மறைத்த கதையைக் குறிப்பின் அடியில் எழுதி, நால்வரும் கையொப்பமிட்டுச் செயலாளர் கையிலேயே கொடுத்தோம். வரும் திங்களன்று கேட்பதற்குத் தாங்கள் அலுவலகம் வரமாட்டீர்கள். ஆகவே இன்றே சொல்லிவிடுகிறோம்.

மேலே போய்விட்டது, ஐயா.

மன்னிப்பை எதிர்பார்க்கும் உரிமையற்ற,
மனுப்பிரிவு ஊழியர்கள்
பஞ்சு, மகாதேவன், கிட்டு, ஷ்யாமளா

மாட்டுங்கா, பம்பாய்
31-8-1967