சின்னத் திருத்தம்

இரிங்க காலிதீன் தம்பி, என்ன அவசரம்? என்ட தங்கச்சி ஊத்தின பிளேன்டி ஆறுது. அந்தக் குறிப்பத்தானே அழிக்கச் சொல்றீங்க? கதைப்பம்.

தமிழ்ல டைப் பண்ற இந்தப் புறோகிராம நீங்க, நான், டொரன்டோவில ரெண்டு பேர், நாலு பேரும் சும்மாதானே எழுதினம். சல்லி ஒண்டுமில்ல, மரியாத மட்டும்தான். மத்த ஆள் எழுதின இடத்தில கை வெக்கிறெண்டா முதல்ல கேக்கணும். என்னத்த மாத்தின, ஏன் மாத்தின எண்டு குறிப்பெழுதணும். ஓம், நீங்களும் தலையாட்டினதான்.

வரிக்கு வரி தானாச் சேமிக்கிற துண்டு நான் எழுதின. கல்முனையில கரண்ட் எப்ப போகும் எண்டு ஆருக்குத் தெரியும்? கொழும்புல இரிக்கிற உங்களுக்கு அது வேகத்தக் குறைக்கிற குப்ப. என்னட்டக் கேக்காமத் தூக்கிட்டீங்க, என்ட பேரையும் சேத்து. குறிப்பில என்ன எழுதின? சின்னத் திருத்தம். ரெண்டே சொல்லு.

உங்கள நம்பி, நீங்க மாத்தின அந்தப் புதுப் புறோகிராமத் தங்கச்சி றம்லா வேல செஞ்ச, அகதிகளுக்கு அரிசி குடுக்கிற கந்தோர்ல நான்தான் போட்டுக் குடுத்தன். காலையில இரிந்து நூத்திப்பத்து அகதிக் குடும்பத்துட பேர் அடிச்சிருக்கா. தானாச் சேமிக்கும் எண்ட நம்பிக்க. பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லக்குள்ள கரண்ட் போச்சு, பேரெல்லாம் போச்சு. அந்த மாசம் அந்தச் சனத்துக்கு அரிசி இல்ல. றம்லா வேணுமெண்டு அழிச்சவ எண்டு அந்தச் சனம் எங்கட வாசல்ல நிண்டு ஏசினாங்க. அவட வேலையும் போச்சு.

நான் சத்தம் போட்டனா? இல்லயே. முறைப்படிதான் செஞ்சன். அந்தத் துண்டத் திருப்பிப் போட்டன், குறிப்பெழுதினன். கேக்காமத் தூக்கினது காலிதீன், சின்னத் திருத்தமெண்டு மறச்சது காலிதீன், அரிசி கிடைக்காதது நூத்திப்பத்துக் குடும்பத்துக்கு. அதில ஒரு சொல்லு பொய்யெண்டா காட்டுங்க, இப்பவே அதுக்குக் கீழ இன்னொரு குறிப்புப் போடுறன்.

என்ன, திரும்பவும் அழிக்கத்தான் சொல்றீங்களா?

அழிக்கேலா தம்பி. பழைய குறிப்புல ஆரும் கை வெக்கப்படாதெண்டு சட்டம் போட்டதே நீங்கதான். நல்ல சட்டம்.

திங்கக்கிழம இன்டர்வியூ எண்டு தெரியும். சிங்கப்பூர்க் கொம்பனிதானே? உங்களப் பத்தி முந்தாநாள் எனக்கு ஈமெயில் போட்டுக் கேட்டிருந்தாங்க. அல்லாட காவல், ஒரு கெட்ட சொல்லுச் சொல்லல்ல. அந்தக் குறிப்ப அப்பிடியே அனுப்பி வெச்சன். தலைப்பெண்டு ஒண்டு போடணுமே, ரெண்டே சொல்லுதான் போட்டன். சின்னத் திருத்தம்.

குடிங்க, சீனி காணுமா, இன்னும் கொஞ்சம் போடவா?