வாய் திறக்கும் இரும்பு

— கையை எடு தாயி. உன் புருஷன் சிலை வாய் மேல நீ கையை வெச்சுக்கிட்டா நான் எங்க தொடுறது?

— கொஞ்சம் இருங்க பூசாரி.

— இன்னும் என்ன இருக்கறது? மணல் கொட்டியாச்சு, சிலையைத் தெக்கே பாக்க நிறுத்தியாச்சு, சாம்பிராணி போட்டாச்சு. சிறுத்தைத் தோலைப் போத்திக்கிட்டு இந்த வெயில்ல நின்னா நானே பொணமாயிடுவேன். அப்புறம் எனக்கு யாரு வாய் திறக்கறது?

— உங்க கையில இருக்கறது நெசமாவே வானத்துல இருந்து விழுந்த இரும்புதானா? செம்புல கறுப்பு பூசி ஏமாத்துறாங்களாம்.

— அந்த வேலையெல்லாம் ஆத்துக்கு அக்கரைக் கோயில்காரன் செய்வான். இந்தா, தூக்கிப் பாரு. கை இறங்குதா? பாலைவனத்துல இடி மாதிரி விழுந்த கல்லு இது. தட்டித் தட்டி விரல் நீளத்துக்குத்தான் தேறிச்சு.

— கனமாத்தான் இருக்கு.

— இது உதட்டுல பட்டாத்தான் செத்தவன் அங்க போய் ரொட்டி கேப்பான், பார்லிக் கள்ளு கேப்பான். படலைன்னா வாயடைச்சுப் பட்டினி. உன் புருஷன் பென்னுப்புக்கு அந்தக் கதி வேணுமா?

— அவர் பட்டினி கெடக்கற ஆளு இல்லை.

— இதே இரும்புல ஒரு மணி, நூல்ல கோத்துச் சிலை கழுத்துல தொங்குதே. உன்னுதுதானே ஹெனுத்?

— கல்யாணத்தன்னிக்கு அவர் கட்டினது. நட்சத்திரத்தையே உனக்குப் புடிச்சுட்டு வந்தேன்னார். மறு வருச வெள்ளத்துக்குள்ள துருப் பிடிச்சிருச்சு.

— எண்ணெய் தடவணும் தாயி.

— ஆளே இல்லாத வீட்டுல யாருக்காக மினுக்கறது?

— ஊரே உன்னைப் பாத்துச் சிரிக்குது, தெரியுமா? தேவதாரு மரம் ஏத்த அவன் போன கப்பல் முழுகிருச்சுன்னு சேதி வந்து, நைல்ல ஏழு வருச வெள்ளம் வந்து வடிஞ்சாச்சு. நீ என்னடான்னா மரச்சிலைக்கு வெங்காயம் உரிச்சு வெக்கறே. அந்தச் சிலையோட சண்டை வேற போடுறியாம்.

— சண்டைன்னா ரெண்டு பேர் பேசணும். யாரு சொன்னது?

— பக்கத்து வீட்டுக்காரி.

— சுவத்துல காதை வெக்கத் தெரியுது. வாசல் வரைக்கும் வரத் தெரியலை.

— சரி, விடு. உடம்பு கிடைக்காதவனுக்குச் சிலைதான் உடம்பு. அதுல தப்பே இல்லை.

— ஒண்ணு கேக்கறேன். ஆளு உசுரோட எங்கயோ இருந்து, இங்க அவன் சிலைக்கு வாயைத் திறந்துட்டா?

— ராசா உசுரோட இருக்கறப்பவே தன் சிலைக்குத் தானே கேட்டு வாய் திறக்க வெக்கறது வேற. செத்தவனுக்கான மந்திரத்தை உசுரோட இருக்கறவனுக்குச் சொன்னா, அவன் பேச்சையே சிலை இழுத்துக்கும். எங்க பெரிய பூசாரி அப்படித்தான் சொல்வார்.

— இழுத்துக்கிட்டா, அவன்?

— நிக்கற இடத்துலயே ஊமை. அதனாலதான் சாவு நிச்சயமான்னு மூணு தடவை கேக்கறது எங்க முறை. பாரு, வெயில்ல அதை மறந்தே போயிட்டேன்.

— இப்பக் கேளுங்க.

— பென்னுப் செத்தது நிச்சயமா?

— நிச்சயம்.

— நிச்சயமா?

— நிச்சயம்.

— கடைசித் தடவை. மனசுல ஒரு மூலையில ஆசை இருந்தாக்கூடச் சொல்லிடு. இன்னொரு நாள் வெச்சுக்கலாம். நிச்சயமா தாயி?

— நிச்சயம். இதோ, கையை எடுத்துட்டேன்.

— அப்படி வா வழிக்கு. மேல் உதடு... கீழ் உதடு... ஆச்சு. இனி உன் புருஷன் பேசுவான். மொதல்ல என்ன பேசச் சொல்லப்போறே?

— நேத்து வந்த படகோட்டி அவரை அந்தத் தேவதாரு ஏத்தற பிப்லோஸ் துறையில பாத்தானாம், அங்க பெத்த ரெண்டு புள்ளைங்களையும் மடியில வெச்சுக்கிட்டுக் கதை சொல்லிட்டிருந்தாராம். தினமும் இந்நேரத்துக்குச் சொல்வாராமே, அது இப்ப பாதியில நின்னிருக்கும். மீதியை என்கிட்டச் சொல்லட்டும்.